குழாயடியில் என் குடம்

அடியே,

இன்று காலை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. பச்சை, சிவப்பு, நீலம் என்று குடங்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்ததும் தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீ செத்துப்போய் ஒரு வருடமாகியும் என்னைப் பைத்தியக்காரியாக்குவதை விடவில்லை.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஊரிகம் லைனில் நம் முப்பது வீட்டுக்கும் ஒரே குழாய். அங்கே குடம் இருந்தால் ஆளும் இருப்பதாக அர்த்தம். நாலு நாள் ஒருத்தியின் குடம் காணவில்லையென்றால், "இன்னா, முழுகாம கீறாளா?" என்று பேச்சு கிளம்பிவிடும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டு அப்பா இறந்த பிறகு, ஷிப்டில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி பெயருக்குக் கம்பெனி வீட்டை மாற்றும் காகிதத்தோடு சுரங்க ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் கதவைச் சாத்தினான். அதற்கு மேல் உனக்கு எழுத வேண்டியதில்லை. வெளியே வந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. அம்மா "ஏன்டி தனியா போன?" என்றுதான் முதலில் கேட்பாள். எங்கள் காகிதம் அவன் மேசையில் இருந்தது.

நான் வாசலைத் தாண்டுவதையே விட்டேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. தினமும் உன் குடத்துக்குப் பின்னால் என் குடத்தையும் வரிசையில் வைத்தாய். நிரப்பிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, குழாயடிச் சண்டையை ஏழு குரலில் நடித்துக் காட்டுவாய். எட்டு மாதம் கழித்து ஒருநாள், அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் நம்பறேன்டி. இன்னா பண்ணணும், நீ சொல்லு."

மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்றேன். குழாயடியிலிருந்தே பதினோரு பெண்களைத் திரட்டிவிட்டாய். வரிசையை விட்டு வந்த அவசரத்தில் எல்லார் இடுப்பிலும் காலிக் குடம்! ஆபீஸ் பியூன் நம்மைப் பார்த்து, "குழாய் ரிப்பேரா? பின்பக்கம் போங்க" என்று விரட்டினான்.

"குழாய் நல்லாத்தான் கீது. உங்க ஆளுதான் கெட்டுப்போய் கீறான்" என்றாய்.

அதிகாரி என்னிடம், "எட்டு மாசமா ஏம்மா சொல்லல?" என்றார். நீ வாயைத் திறந்தாய். என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாய். வாயை மூடுவது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று லைனுக்கே தெரியும். நானே சொன்னேன்: "எங்க வூடு அவன் கையில இருந்துச்சு சார்."

அவனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வீடு தம்பி பெயருக்கு வந்தது. கோலார் கோர்ட் வரை போக எனக்குத் தெம்பில்லை. அதற்கும் நீ என்னைக் குறை சொன்னதில்லை. அன்று திரும்பும் வழியில் பகோடா வாங்கி ஒரு குடத்தில் கொட்டி, பதின்மூன்று பேரும் கைவிட்டுத் தின்றோம். உன் கை உள்ளேயே மாட்டிக்கொண்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் சிரித்ததே இல்லை.

போன வாரம் மாடிவீட்டுப் பெண் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தினமும் வந்தாள். நான் உன்னைப் போலவே ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று மெல்லக் கேட்டாள், "அக்கா, ஒண்ணு சொன்னா நம்புவீங்களா?"

அவள் சொல்லத் தொடங்கும் முன்பே, அடியே, நான் நம்பிவிட்டிருந்தேன்.