நாற்பதாவது கையெழுத்து

செவ்வாய், இரவு பன்னிரண்டரை

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னிப்பு. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் தார்நாகா அப்பார்ட்மெண்டின் செக்ரட்டரி, மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் அவசரக் கூட்டம் கூட்டி அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட எதிர்வீட்டு சுமதி அக்கா திட்டமிட்டிருக்கிறாள். பத்தே நாளில் முப்பத்தொன்பது கையெழுத்து! இன்னும் ஒன்று போதும். அது என்னுடையது.

"முதுகுல குத்துற மாதிரி இருக்கே அக்கா" என்றேன்.

"ஹவ், ஆமா, அப்படித்தான். அவர் எதிர்ல உட்கார்ந்தா இங்க எவன் வாயைத் திறப்பான், சொல்லு?" என்று சிரித்தாள்.

இரண்டாம் மாடிக்காரரிடம் கார் நிறுத்தும் இடத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். மூன்றாம் மாடியில் தண்ணீர் மோட்டாரைச் சொல்லி. என்னிடம் லிஃப்ட். 'வேலையாட்கள் ஏறக்கூடாது' என்று செக்ரட்டரி மாட்டிய போர்டை முதல் நாளே கழற்றிவிடுவாளாம். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் லட்சுமம்மா வீங்கிய முழங்காலோடு தினமும் ஐந்து மாடி ஏறி வருகிறார்.

"மத்தவங்களுக்கு இது தெரிஞ்சா ஒருத்தரும் போட மாட்டாங்க. உன்கிட்ட மட்டும்தான்மா நிஜத்தைச் சொல்றேன்."

மலைத்துப்போனேன். சத்தமில்லை, சண்டையில்லை, ஒரு கட்டடத்தையே கையில் எடுத்துவிட்டாள். படுத்தால் ஒரே யோசனை. எல்லோரிடமும் இதே 'உன்கிட்ட மட்டும்'தானா? அப்படியே இருந்தாலும் லட்சுமம்மாவின் முழங்கால் பொய்யில்லையே.

தாள் மேஜைமேல் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வாங்க வருவாள். அதற்குள் எழுந்து இதைப் படிக்கப்போவது நான் ஒருத்திதான். காலையில் எழப்போகும் நானே, தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்.