கோபத்தோடு தேடிப் போனவர்

பியோர்ண்டால்,
12.05.2008

மதிப்புக்குரிய இந்திரகுமார் அவர்களுக்கு,

நான் நடராசா யோகலிங்கம், நமது தமிழ்ப் பாடசாலையின் செயலாளர். ஒரு வரலாற்று ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு எழுதுகிறேன்.

சென்ற சனிக்கிழமை ஆறாம் வகுப்பை ஒஸ்லோவிலுள்ள துருவக் கப்பல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றேன். 1928இல் பனியில் வீழ்ந்த ஆகாயக் கப்பலின் தலைவரைத் தேடி, அவரோடு முன்பே பகைத்திருந்த ஒரு நோர்வேஜியர் விமானத்தில் சென்று மறைந்தார் என்று விளக்கினேன். "சேர், அவை ரெண்டு பேரும் கோவமெல்லோ? பிறகேன் போனவர்?" என்று மாணவி தர்மிகா கேட்டாள். விசாரித்துச் சொல்வதாகக் கூறினேன். ஏதேனும் விதி அவரைக் கட்டாயப்படுத்தியதா? துருவப் பயணங்களை நம்மில் ஆழப் படித்தவர் தாங்கள் ஒருவரே.

மார்ச்சில் தங்களை நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கியதை இதனுடன் தொடர்புபடுத்த வேண்டாம். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் நீக்கப்படுவார் என்பது பாடசாலையின் அமைப்பு யாப்பின் பதினோராம் விதி.

இங்ஙனம்,
ந. யோகலிங்கம்


லில்லெஸ்ட்ரோம்,
14.05.2008

யோகு,

என்ன ஐசே, "மதிப்புக்குரிய" எண்டெல்லாம்? வந்த புதிசில ரெண்டு வருசம் ஒரே சட்டியில சமைச்சுச் சாப்பிட்டனாங்கள். உம்மடை புட்டைத் திண்டும் உயிரோடை இருக்கிறன்.

விதி ஒண்டும் இல்லை. அவை ரெண்டு பேரும் ஊரறியச் சண்டை பிடிச்சவை. ஆளைக் காணேல்லை எண்டதும், இவர் உடன போறன் எண்டிட்டார். பிறகு விமானத்தின்ரை மிதவை ஒண்டும் பெற்றோல் தாங்கியும்தான் கடலில கிடைச்சது. உடைஞ்ச மிதவைக்குப் பதிலா அந்தத் தாங்கியைக் கட்டப் பாத்திருக்கினம் போல. விழுந்த பிறகும் விடேல்லை, பாரும். தேடப்பட்டவர் தப்பி வந்திட்டார்.

ஏன் போனவர் எண்டு எனக்கும் தெரியாது. ஆனா, ஆளைக் காணேல்லை எண்டா அவர் தேடினார். நீர் விதியைத் தேடினீர். அந்த மூண்டு கூட்டமும் நான் ஆஸ்பத்திரியில நிண்டனான். ஞானமலருக்கு மார்பில கட்டி. வாற செவ்வாய் ஒப்பரேசன். என்ரை மனிசி பயந்துபோய் இருக்கிறா. ஓம், நானும்தான்.

இந்திரன்


பியோர்ண்டால்,
16.05.2008

அன்பின் இந்திரன்,

உம்முடைய கடிதம் கிடைத்தது. விதி எதுவும் இருக்கவில்லை என்று தர்மிகாவுக்குச் சொல்வேன். அவர் ஏன் போனார் என்பதை இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

யாப்பை மீண்டும் முழுமையாக வாசித்தேன். வராதவரிடம் காரணம் கேட்கக் கூடாதென்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. பிழை யாப்பினுடையதன்று, என்னுடையது. ஞானமலரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இன்று ஆறு மணிக்கு நிர்வாகக் கூட்டம். செயலாளராயிருந்த பதினான்கு ஆண்டுகளில் முதல் தடவையாக நான் அங்கு போகப் போவதில்லை. இக்கடிதத்தைத் தபாலிலும் போடவில்லை. இப்போதே பஸ் ஏறி, ஒஸ்லோவில் ரயில் மாறி, நானே கொண்டுவந்து உம்முடைய கையில் தருகிறேன்.

யோகு