முழுப் பாரம்

நவம்பர் 6

ஏரி கரையோரம் மட்டும் உறைந்திருக்கிறது. நடுவில் இன்னும் கறுப்புத் தண்ணீர். இந்நேரம் பிள்ளைகள் மேலே சறுக்கி விளையாடிக்கொண்டிருக்க வேண்டும்.

தம்பி அல்ஃபான்ஸ் வந்தான். உலர்ந்த கரிபூ மான் இறைச்சி ஒரு பை கொடுத்துவிட்டு, என் டீயைக் குடித்துக்கொண்டே என்னைக் கிண்டல் செய்தான். "என்னக்கா, டிவில பேசுறப்ப மூக்கு இவ்ளோ பெருசாத் தெரியுது?" "ஓட்டு விழுறதே மூக்குக்குத்தான்டா" என்றேன். குளிர்காலம் வந்தால் வில்லோ நாரோஸ் ஊருக்கு, வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் லாரி ஓட்டுகிறவன் அவன். ஏரி உறைந்தால்தான் அந்த ஊருக்குச் சாலையே.

லெனர்டை விழுங்கியதும் அந்தச் சாலைதான். பனி தள்ளும் வண்டியோடு உள்ளே போனான் என் புருஷன். பனிப்பாளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அந்த வருஷம் முடிவு செய்தது தலைநகரில் ஓர் அமைச்சரின் அறை. அந்தக் கோபத்தில்தான் தேர்தலில் நின்றேன். இரண்டாவது முறையும் ஜெயித்து, இப்போதுதான் மசோதாவை எழுதி முடித்திருக்கிறேன். பாரத்தை இனி அமைச்சர் முடிவு செய்யக் கூடாது. யாருக்கும் அடங்காத ஒரு பரிசோதகர் ஐஸைத் துளைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். என் அரசியல் மொத்தமும் அவ்வளவுதான்.

நவம்பர் 14

போக்குவரத்து அமைச்சர் உடல்நிலை காரணமாக அவையை விட்டே விலகிவிட்டார். முதல்வர் லோர்னா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "அந்த இடத்துக்கு நீங்க நில்லுங்க நோயெல்லா. அந்த ரோட்டைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

வெளியே வந்தால் ஐசடோர் நிற்கிறான். அவையில் என் பக்கத்து நாற்காலி, பழைய சிநேகிதன், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"போகாத" என்றான்.

"ஏன், பொறாமையா?"

"பொறாமைதான். ஆனா கேளு. இங்க கட்சியும் கிடையாது கத்திரிக்காயும் கிடையாது. மந்திரிங்க அவங்க ஏழு பேரு, வெளிய நாம பதினொண்ணு. நாம சேந்தா எதை வேணும்னாலும் நிறைவேத்தலாம். உள்ள போனியோ, வாயில பூட்டு. மந்திரிசபை சொல்ற பக்கம்தான் கை தூக்கணும்."

"அந்த மேசையிலதான்டா லெனர்டோட தலையெழுத்தை எழுதுனாங்க. அதுல நானே போய் உக்காந்தா?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கு எல்லாவற்றிலும் குறைதான்.

நவம்பர் 20

அமைச்சரை அவையே தேர்ந்தெடுக்கும் ரகசிய வாக்கெடுப்பு. ஜெயித்தேன். எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள், ஐசடோரும்தான். "பாத்து" என்று மட்டும் சொன்னான்.

டிசம்பர் 3

அமைச்சரவை. என் மசோதாவைப் பற்றிப் பேச்செடுத்தேன். லோர்னா தேன் மாதிரிப் பேசுவார். "நல்ல மசோதாதான். ஆனா இந்த வருஷம் வேண்டாமே." கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றி எண்ணெய்ப் படகு நாரோஸுக்குப் போகவே இல்லை. ஊரின் குளிர்கால எண்ணெய் முழுக்க இனி பனிச்சாலை வழியாகத்தான் போக வேண்டும். புதிய பரிசோதகர் வந்து இழுத்தடித்தால் என்ன செய்வது என்கிறார்கள்.

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லையே!

டிசம்பர் 21

மழை. டிசம்பரில் மழை. ஏரியின் மேல் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஜன்னலை மூடிவிட்டு வந்து படுத்தேன்.

ஜனவரி 15

ஐசடோர் என் மசோதாவை எடுத்துத் தன் பெயரில் கொண்டுவந்தான். நான் எழுதிய வரிகளை அவன் வாசிக்க வாசிக்க நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லெனர்டின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

நான் போக வெளியே மிச்சமிருந்த பத்துப் பேரில் இரண்டு பேர், நாரோஸ் குளிரில் விறைக்கும் என்று பயந்து எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். எதிர்ப்பவர்கள் எழுந்திருங்கள் என்றார் அவைத்தலைவர். எழுந்தேன். கால் எப்படி எழுந்தது என்று தெரியவில்லை.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது.

அல்ஃபான்ஸ் போன் செய்தான். திட்டுவான் என்று இருந்தேன். "சாப்டியாக்கா?" என்று கேட்டான். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 3

ஒருவழியாகச் சாலை திறந்தது, பாதிப் பாரத்துக்கு மட்டும். ஆனால் லாரிக்காரர்கள் எல்லாரும் போக மறுக்கிறார்கள். நாரோஸ் என்பதே இரண்டு கரையும் நெருங்கும் இடம். அடியில் நீரோட்டம் நிற்பதே இல்லை. அங்கே பனிப்பாளத்தை எந்தக் காலத்திலும் நம்ப முடியாது.

நாரோஸ் ஊர்த்தலைவி ஆக்னஸ் போனில் கத்தினாள். "ஸ்கூலை மூடியாச்சு. வயசானவங்களை எல்லாம் ஒரே ஹாலுல போட்டு ஒரே அடுப்பை எரிக்கிறோம். நீ மந்திரியா, இல்ல மரக்கட்டையா?"

அவள் கேட்டதில் என்ன தப்பு?

பிப்ரவரி 8

போனேன். அல்ஃபான்ஸின் லாரியில், அவன் பக்கத்தில். ஓட்டச் சொல்கிறவள் உட்கார்ந்தும் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

"இறங்குக்கா. வீம்பு பண்ணாத."

"ஓட்டுடா."

கரையில் இறங்கி, ஏரிக்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலையை ஐஸ் மேல் வைத்தான். அப்பா செய்வது போலவே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். பிறகு என் சீட் பெல்ட்டை அவனே அவிழ்த்துவிட்டான். கதவைத் திறந்து, கயிற்றால் அப்படியே கட்டிவைத்தான், லாரி உள்ளே போனால் குதிப்பதற்கு. காற்று முகத்தை அறைந்தது. நடந்து போகிற வேகத்தில் ஓட்டினான். கீழே ஐஸ் முனகியது. "பேசிட்டு இருந்தா நல்லது. மௌனமாயிட்டாத்தான் பயப்படணும்" என்றான். நாரோஸ் நடுவில் அது மௌனமானது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கரையில் ஊரே நின்றது. ஆக்னஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பேனக் ரொட்டி, வெள்ளைமீன் குழம்பு, சுடச்சுட டீ. வருஷக்கணக்காக இவ்வளவு சந்தோஷமாக நான் சாப்பிட்டதில்லை.

பிப்ரவரி 11

பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம். திறந்த கதவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். லோர்னா பூங்கொத்து அனுப்பியிருக்கிறார். லாரிக்காரர்கள் எல்லாரும் ஓட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். அந்தச் சாலைக்கு 'மினிஸ்டர் ஐஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் என்ன நிரூபித்தேன்? பாதிப் பாரம், அன்றைக்கு, ஒரு தடவை தாங்கியது. அவ்வளவுதானே. இதை யாரிடமும் சொல்லவில்லை. பூக்களைத் தண்ணீரில் வைத்தேன்.

பிப்ரவரி 24

துறைச் செயலர் டெரன்ஸ் வந்து நின்றார். இப்படியே பாதிப் பாரமாக ஏற்றிக்கொண்டிருந்தால் ஊருக்கு வேண்டியது போய்ச் சேர்வதற்குள் சாலை உருகிவிடும். முழுப் பாரம் அனுமதிக்க வேண்டும். ஐஸைத் துளைத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன்.

"பாத்தாங்க மேடம். தாங்கவும் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்னு இருக்கு. ஆனா நீங்களே போய்ட்டு வந்துட்டீங்க. அதுக்கப்புறம் வேண்டாம்னா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

நாளை அமைச்சரவை. ஆறு பேர் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 25

கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 26

தூக்கமில்லை. போடாமல் இருந்திருந்தால்? அந்த ஹாலில் கிடக்கிற கிழவர்கள்? போடாமல் ராஜினாமா செய்திருந்தால் வேறு ஒருவர் போட்டிருப்பார். போடட்டுமே! அது என் பேனாவாக இருந்திருக்காது. இல்லை, இது சுயநலம். எது சுயநலம்? ஒண்ணும் புரியல எனக்கு.

அல்ஃபான்ஸைக் கூப்பிட்டேன். நீ போகாதே, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு என்றேன்.

"மத்தவன் எல்லாம் போறான். மந்திரி தம்பி மட்டும் போர்வைக்குள்ள படுத்துக்கணுமா? நல்லா இருக்குக்கா உன் நியாயம்."

"முழுப் பாரம்டா."

"நீ கையெழுத்துப் போட்டிருக்கல்ல? லெனர்ட் மாமா போன ரோட்டுல நீ தப்பாப் போடுவியா? வச்சிடுறேன், வண்டி சூடாயிட்டு இருக்கு."

உறுதியில்லாமத்தான் போட்டேன்டா என்று சொல்ல வாய் வரவில்லை. அமைச்சரவை முடிவை வெளியில் மறுத்துப் பேசக் கூடாது என்பது விதி. தம்பியிடமுமா? தம்பியிடமும் விதி பார்த்தேனா நான்?

பிப்ரவரி 28

இன்று வெயில் நன்றாக அடித்தது. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கிறது. அல்ஃபான்ஸ் போய்விட்டு நல்லபடியாக வந்துவிட்டான். நாளை மறுபடியும் போகிறான்.

மார்ச் 1

அல்ஃபான்ஸ்.

நாரோஸ் நடுவுல. கதவு தொறந்துதான் இருந்துச்சாம். கயிறும் கட்டித்தான் இருந்துச்சாம். பின்னாடி வந்தவன் பாத்திருக்கான். சத்தமே இல்லையாம். முன் சக்கரம் இறங்குச்சு, அப்புறம் லாரியே இல்லைங்கிறான். என் தம்பி குதிக்கலையே. ஏன்டா குதிக்கல? ஐயோ, ஏன்டா குதிக்கல?

மார்ச் 9

ராஜினாமா. லோர்னா தடுத்துப் பார்த்தார். "இது உங்க தப்பு இல்ல நோயெல்லா. எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு."

எல்லாரும் சேர்ந்துதான். கையெழுத்து மட்டும் ஒன்று.

மே 27

ஏரி உடைந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கிறது.

பழைய நாற்காலிக்கு வந்துவிட்டேன். ஐசடோர் தன் கோட்டைக்கூட அதன் மேல் போடாமல் காலியாக வைத்திருந்தான். இன்று அதே மசோதாவை மறுபடியும் கொண்டுவந்தான், ஒரு வரியும் மாற்றவில்லை. ஆக்னஸ் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அமைச்சரவையும் ஆதரிக்கும் என்று லோர்னாவே எழுந்து சொன்னார். உள்ளே போகும்முன் ஐசடோர் கேட்டான், "சட்டத்துக்கு அல்ஃபான்ஸ் பேரை வெக்கலாமா?" வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஆதரிப்பவர்கள் எழுந்திருங்கள் என்றார் அவைத்தலைவர். அவை முழுக்க எழுந்தது. நானும்தான். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது நாற்காலி எதுவும் அசையவில்லை. என்னைச் சுற்றி எல்லாரும் கைதட்டினார்கள்.

ஜனவரியில் ஒரே ஒரு ஓட்டுதான் தேவைப்பட்டது.