காலில் விழுந்த கார்

மச்சான்,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்து நாலு வயதில், மொன்றியல் கோட்-டெ-நெய்ஜ் பஸ் தரிப்பில் நின்றுகொண்டு, உன் காரின் பழைய சுவிட்சைக் கோட்டுப் பைக்குள் அமத்துகிறவனாகிவிட்டேன். பஸ் வந்து நின்று, உஸ்ஸென்று மூச்சுவிட்டு, ஆட்களை ஏற்றப் பக்கவாட்டில் குனியுமே, அந்த நேரம் பார்த்து அமத்துவேன். போன கிழமை புத்தி கெட்டு, வெளியில் எடுத்தே அமத்தினேன். தடியூன்றி வந்த பிரெஞ்சு அம்மா ஒருவர் என் கையைப் பார்த்தார். குனிந்த பஸ்ஸைப் பார்த்தார். "மெர்சி, முசியே" என்றார். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

பஸ் குனிவது காற்றால். உன் கார் குனிந்தது எண்ணெயால். இந்த வித்தியாசத்தை நீ நூறு தரம் விளக்கியிருப்பாய். நூறு தரமும் நான் ஓமோம் என்றுவிட்டு மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அஹுன்ட்சிக்கில் உன் வீட்டுக் கராஜுக்குள், படகு மாதிரி நீண்ட அந்தப் பழைய அமெரிக்கக் காருக்குக் கீழே மல்லாந்து கிடந்தபடி நீ சொன்னது இன்னும் கேட்கிறது: "கலிபோர்னியாப் பொடியள் அந்தக் காலத்திலை பழைய பிளேனிலை கழட்டின பம்பைத்தானடா பூட்டினவங்கள். கார் நிலத்தோடை பதிஞ்சு போகும். பொலிசைக் கண்டா ஏத்துவாங்கள், பொலிஸ் போனா இறக்குவாங்கள்."

"மொன்றியலிலை பிளேனுக்கு எங்கை போவாய்?"

"பிளேன் என்னத்துக்கு? லொறி கிடக்கு."

லொறி திருத்துகிறவனுக்குக் கேட்கவா வேண்டும்? சாமான் ஏற்றும் லொறி ஒன்றின் பின்பலகையைத் தூக்குகிற பம்பு உன் காருக்குள் குடிவந்தது. பின்பெட்டியில் நாலு பற்றரி. சில்லுக்கொரு உருளை. பம்பு எண்ணெயைத் தள்ளினால் கார் எழும்பும், எண்ணெயைத் திறந்துவிட்டால் படுத்துவிடும். படுப்பதற்குச் சொட்டு மின்சாரம் காணும். எழும்பத்தான் நாலு பற்றரியும் நிறைந்திருக்க வேண்டும். இதை மட்டும் நான் மறக்கவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

இரண்டு பனிக்காலம் நீ அதற்குக் கீழேயே கிடந்தாய். உன் மனிசி அதற்குச் 'சக்களத்தி' என்று பெயர் வைத்தார். உள்ளே ஏற மாட்டேன் என்றார். நீயோ முன் சீற்றுக்கு அவருக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறத்தில் தோல் போட்டுவிட்டு, அதில் என்னைக்கூட இருக்க விடாமல், என்னைப் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு திரிந்தாய். பார்க்கிறவர்கள் உன்னை டாக்ஸிக்காரன் என்று நினைத்தார்கள். ஊருக்கு நீ ஸ்டைல் காட்டினாய். அந்த வெறும் சீற்றை அடிக்கொருதரம் நீ திரும்பிப் பார்த்தது பின்னால் இருந்த எனக்குத்தான் தெரியும்.

கோயிலில் காருக்குப் பூசை என்றதும் அவர் ஒரு நிபந்தனை போட்டார். "உந்தச் சக்களத்தி எல்லாற்றை முன்னாலையும் என்ரை காலிலை விழட்டும். பேந்து ஏறுறதைப் பற்றிக் கதைப்பம்."

பூசைக்கு முதல் நாள் பற்றரிகளைச் சார்ஜில் போடுவது என் பொறுப்பு. உன் சித்தப்பா மகனின் கலியாணம் ஏன் குழம்பியது என்று ரெலிபோனில் ஆராய்ந்துகொண்டிருந்ததில் அடியோடு மறந்துபோனேன். நீ கேட்டபோது, "நிறைஞ்சு வழியுது மச்சான்" என்றேன்.

ஐயர் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார். உன் மனிசி காருக்கு நேர் முன்னால் கைகட்டி நின்றார். நீ சுவிட்சை அமத்தினாய். காரின் முகம் மெல்லப் பதிந்து, அவருடைய செருப்புக்கு முன்னால் நிலத்தைத் தொட்டது. சனம் அரோகரா என்றது.

பிறகு எழும்பவில்லை.

டக், டக் என்று நீ அமத்தினாய். அசைவில்லை. நான் மெல்ல ஐயருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எழுப்புங்கோ தம்பி, பின்னாலை ரெண்டு கார் நிக்குது" என்றார் ஐயர்.

"விழுந்து கும்பிடுது ஐயா. பாவம், விடுங்கோ" என்றாய், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

உன் மனிசி உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சிரிப்பு வெடித்தது. குனிந்து பொனற்றில் ஒரு தட்டுத் தட்டி, "காணுமடி, எழும்பு" என்றார். அப்படியே போய்க் கத்தரிப்பூ சீற்றில் இருந்தார்.

நான் பற்றரி வயர் தேடி மூலைக்கடை தெப்பனருக்கு ஓடினேன். திரும்பி வந்தால் கார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது, தேசிக்காய் நாலும் நசிந்து கிடக்கின்றன.

"எப்பிடியடா?"

"வெயில் பட்டதும் பற்றரிக்கு உயிர் வந்திட்டுது."

நம்பினேன் மச்சான். எத்தனையோ வருடம் இதைக் கலியாண வீடுகளில் விஞ்ஞானமாகவே எடுத்துச் சொன்னேன். ஒரு மாசிக் குளிரில் என் காரின் பற்றரியைக் கழட்டி யன்னலோரம் வெயிலுக்கு வைத்திருக்கிறேன்.

ஆனால் நான் சார்ஜில் போடாததை மட்டும் உனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலடியில் இருந்தபோதும் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். காரை விற்றபோது உன் மனிசி அந்தச் சுவிட்சைக் கழட்டி எடுத்து வைத்திருந்து, நீ போய் எட்டாம் நாள், உன் எட்டுச் செலவன்று என் கையில் தந்தார். அதற்குப் பிறகு அது பையை விட்டு இறங்கவில்லை. நீ அமத்தி அமத்தி, காரை இறக்குகிற பக்கம் தேய்ந்திருக்கிறது. என் பெருவிரல் தானாகவே அந்தப் பள்ளத்துக்குப் போகிறது.

போன ஞாயிறு பொறுக்க முடியாமல் உன் மனிசியிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"அண்டைக்கு விடியவே எழும்பி அவர்தானே நாலு பற்றரியையும் சார்ஜிலை போட்டவர். உங்களை நம்பியோ அண்ணை இருந்தவர்?"