கதவு திறக்காத செவ்வாய்

ஜனவரி 3, வியாழன். மைனஸ் 22.

டாஃபின் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். போக எண்பது கிலோமீட்டர், வர எண்பது; செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூணு தரம். ஸ்லாவ்காவுக்கு டயாலிசிஸ் நடக்கிற நாலு மணி நேரத்தில் பாதியை நான் கார் நிறுத்துமிடத்தில் கழித்தேன். "உள்ள வந்து உக்காருங்க, காபி இருக்கு" என்றாள் நர்ஸ். வண்டிக்கடியில் குனிந்து கிடப்பவனுக்குக் காபி எதற்கு? டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே துரு கட்டைவிரல் அகலம் வந்துவிட்டது. அக்டோபரில் அடிப்பாகம் முழுக்க எண்ணெய் அடித்தும் இந்த லட்சணம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பனி உருக இந்த ரோட்டுக்கு உப்புப் போடுகிறவனை நான் நினைக்காத நாளில்லை.

பதினாலு வயசுக் கார். இது போனால் இன்னொன்றுக்கு வழியில்லை. கட்டினவள் டாஃபினில் முதியோர் இல்லத்தில், நான் இங்கே தனியாக. அது நடக்காது. ஏப்ரல் வரை ஓடட்டும், பிறகு பார்க்கலாம்.

மாலை ஐந்துக்கு, எஞ்சின் இரவில் உறையாமலிருக்க, அதைச் சூடாக வைக்கும் மின்கம்பியைச் செருகினேன்.

ஜனவரி 6, ஞாயிறு.

எங்கள் கோயிலின் பழைய நாட்காட்டிக்கு இன்றுதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். பன்னிரண்டு பதார்த்தம் செய்கிற வீட்டில் ஏழு, அதிலும் எதிலும் உப்பில்லை. காருக்கும் ஆகாது, ஸ்லாவ்காவுக்கும் ஆகாது. செத்தவர்களுக்கென்று ஒரு தட்டு வைப்போமே, அதை அவளே துடைத்து வைத்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்த மாதிரி இருந்தது.

லேசியா வான்கூவரிலிருந்து ஆரஞ்சுப் பெட்டி அனுப்பியிருந்தாள். மகளுக்கு அம்மாவின் பத்தியம் இன்னும் மனதில் பதியவில்லை. ஸ்லாவ்கா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"ஒரு சுளை தின்னா என்ன ஆகும் கிழவா?"

"ஆகாததெல்லாம் ஆகும்."

பெட்டியை அப்படியே பக்கத்து வீட்டு வெண்டலிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 12, சனி.

போனோம், வந்தோம். கம்பி செருகியாயிற்று.

ஜனவரி 19, சனி. மைனஸ் 13.

டாஃபினில் காசு போட்டுக் கழுவும் கொட்டகையில் காரைக் கழுவினேன். ஸ்லாவ்காவை ஆஸ்பத்திரியில் விட்டபிறகு. அடிப்பக்கம் ஐந்து நிமிஷம், சக்கர வளைவுக்குள் ஐந்து நிமிஷம், மேல்பக்கம் சும்மா பேருக்கு. மேலே அழுக்கிருந்தால் அசிங்கம்தான், கீழே உப்பிருந்தால் ஆயுசு போச்சு. கதவு ரப்பரையெல்லாம் துணியால் ஒற்றி, நாலு கதவையும் பப்பரப்பா என்று பத்து நிமிஷம் திறந்து போட்டேன். மிச்சத் தண்ணீர் கதவு திறந்திருக்கும்போதே உறைந்துவிட வேண்டும், அப்புறம் தட்டிவிடலாம். மூடியபிறகு உறைந்தால் கதவு சுவராகிவிடும். கை பிரேக்கையும் இழுக்கக் கூடாது, அதுவும் உறைந்து பிடித்துக்கொள்ளும்.

பள்ளிப் பேருந்து ஓட்டிய இருபத்தாறு வருஷமும் இதே முறைதான். ஒரு நாள்கூட என் பேருந்து வராமல் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெண்டல் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தான். "பொண்ணு பாக்க வர்றாங்களாப்பா, இப்படிக் குளிப்பாட்டி வச்சிருக்க?"

ஜனவரி 26, சனி. மைனஸ் 9.

இரண்டு நாளாகப் பனி உருகி, ரோடெல்லாம் உப்புக் குழம்பு. திங்களுக்குள் கடுங்குளிர் வருகிறது என்றார்கள். இன்று விட்டால் அந்தக் குழம்பு அடியிலேயே ஒட்டி உறைந்து பிப்ரவரி முழுக்கத் தின்னும். காலையில் கொட்டகையில் நீண்ட வரிசை. அதனால் திரும்பும்போது கழுவினேன், ஸ்லாவ்கா உள்ளே இருக்க.

டயாலிசிஸ் முடிந்தால் அவளுக்கு எலும்புக்குள் குளிரும். இரண்டு கம்பளிக்குள்ளும் பல் தந்தியடித்தது. கதவைத் திறந்தேன்.

"திறக்காதே ஓரெஸ்ட். போதும். வீட்டுக்குப் போலாம்."

மூடிவிட்டேன். ரப்பரை வீட்டுக்குப் போய்த் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீடு வந்ததும் அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய், கணப்பருகில் உட்கார வைத்து, சூப் சூடு பண்ணி— மறந்துவிட்டேன்.

(இதைச் செவ்வாய்க்கிழமை எழுதுகிறேன். அன்றைக்கு எழுதியது "கழுவினேன்" என்ற ஒரு சொல்தான்.)

ஜனவரி 28, திங்கள். மைனஸ் 34.

கோயிலுக்கு நேற்றும் போகவில்லை. கம்பியைச் செருகினேன். கதவைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஜனவரி 29, செவ்வாய். மைனஸ் 37, காற்று வேறு.

டாஃபினுக்குக் கிளம்ப ஆறு மணிக்குக் காரிடம் போனேன். சாவி நுழையவில்லை. பூட்டுக்குள் பனி உருக்கும் மருந்து அடித்தேன், சாவி திரும்பியது, கதவு அசையவில்லை. நாலு கதவும். தோளால் இடித்தேன். அவள் பக்கத்துக் கைப்பிடியை இழுத்தேன், பட்டென்று முறிந்து கையோடு வந்துவிட்டது.

வெண்டல் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருபது அடி. போய்க் கூப்பிட்டிருக்கலாம். அவனிடம் டிரக் இருக்கிறது, சூடான கராஜில் நிற்கிறது. இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டினவன் கார்க் கதவைத் திறக்கத் தெரியாமல் போய் நிற்பதா? நிற்க மாட்டானாம். பெரிய ராஜா.

கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊத்தினேன். நான்தான் ஊத்தினேன். ஊத்தாதேன்னு ஊருக்கெல்லாம் சொன்ன அதே வாய். கதவுக் கண்ணாடி மேலிருந்து கீழ் வரைக்கும் விரிஞ்சுபோச்சு, ஊத்தின தண்ணி அங்கேயே உறைஞ்சு இன்னொரு பூட்டுப் போட்ட மாதிரி ஆச்சு. அவ பூட்ஸ் போட்டு, கோட் போட்டு, பையை மடியில வச்சுகிட்டு வாசல் நாற்காலியில உக்காந்திருந்தா. ரெண்டு மணி நேரம்.

எட்டு மணிக்குப் பிறகுதான் வெண்டலிடம் போனேன். அவன் எதுவும் கேட்கவில்லை, டிரக் சாவியை எடுத்தான். ஊர் எல்லையில் போலீஸ்காரர் தடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். பனிப்புழுதியில் ரோடு தெரியவில்லை என்று நெடுஞ்சாலையை அப்போதுதான் மூடியிருக்கிறார்கள். ஆறரைக்குக் கிளம்பியிருந்தால் போயிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். ரோடு திறந்தால் வியாழன் வரச் சொன்னார்கள். அதுவரை அவள் குடிக்கிற தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான்.

நான் என்ன மனுஷன்?

ஜனவரி 31, வியாழன்.

வெண்டலின் டிரக்கில் போனோம். அவளுக்குக் கால் இரண்டும் வீங்கி, மூச்சு இழுத்தது. இரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டார் டாக்டர். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 4, திங்கள்.

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. காரை வெண்டலின் கராஜில் தள்ளி உருகவிட்டோம். கண்ணாடிக்குப் பிளாஸ்டிக் ஒட்டினேன். கைப்பிடிக்குப் பதில் கயிறு.

பிப்ரவரி 9, சனி. மைனஸ் 18.

திரும்பும் வழியில் கொட்டகையைத் தாண்டி ஓட்டினேன்.

"ஏன் கழுவல?"

"இனிமே கழுவுறதா இல்ல."

பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தச் செவ்வாக்கிழமை கதவு திறக்கலைன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோஷமா இருந்துச்சு ஓரெஸ்ட். பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி. நாற்காலில உக்காந்து, திறக்கக் கூடாது, திறக்கக் கூடாதுன்னு வேண்டிகிட்டிருந்தேன். நீ வெளியில கெட்டிலோட மல்லுக்கட்டுற, நான் உள்ள இப்படி வேண்டுறேன்."

நான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நாலு வருஷம் வந்துட்டேன். உனக்காகத்தான் வந்தேன். வாரத்துல மூணு நாள் அந்த மெஷின், மறுநாள் படுக்கை, மிச்சம் எனக்கு என்ன இருக்கு? போதும்னு தோணுது."

"விட்டுட்டுப் போறதுக்கு என்கிட்டயே அனுமதி கேக்குறியா?"

"அனுமதி கேக்கல. சொல்றேன். நீ கோபப்படாம இருந்தா நல்லாருக்கும்."

கோபப்பட்டேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு.

காலை முழுக்க வெண்டலின் கராஜில் காரைத் துடைத்தேன். கதவு ரப்பர் ஒவ்வொன்றுக்கும் சிலிக்கான் தடவினேன், கீல் கீலாக எண்ணெய் விட்டேன். இனி மைனஸ் ஐம்பதிலும் திறக்கும்.

"இதுக்கு மேல தேய்ச்சா பெயிண்ட் வந்துரும்பா" என்றான் வெண்டல். நான் அழுவதைப் பார்த்ததும் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வெளியே போனான்.

பிப்ரவரி 12, செவ்வாய்.

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஸ்லாவ்காவிடம் மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் ஒரே பதில். நிறுத்தினால் ஒரு வாரம், இரண்டு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் என்றார். வலியில்லாமல் பார்த்துக்கொள்ள நர்ஸ் வீட்டுக்கே வருவாளாம். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்.

அவளைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அவ சொல்றதுதான்" என்றேன்.

பிப்ரவரி 16, சனி. மைனஸ் 20.

கடைசித் தரம். லேசியா வரும் வரை தெம்பு வேண்டுமென்று அவளே கேட்டுக்கொண்டது. அங்கிருந்த நர்ஸுகள் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டார்கள். திரும்பும்போது, "இன்னிக்குக் கழுவு" என்றாள். கழுவினேன். நாலு கதவையும் திறந்து போட்டேன். பத்து நிமிஷமும் கம்பளிக்குள் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தாள், மூடச் சொல்லவில்லை.

வழியில் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கினோம்.

பிப்ரவரி 18, திங்கள். மைனஸ் 29.

நாளை லேசியா வருகிறாள். வின்னிபெக் விமான நிலையத்திலிருந்து அழைத்து வர வெண்டல் டிரக்கில் போகிறான். ஸ்லாவ்கா மதியம் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் இரண்டு ஆரஞ்சும் சாப்பிட்டாள். சாறு முகவாயில் வழிய, துடைத்துக்கொள்ளாமல் சிரித்தாள். வீடு முழுக்க அந்த வாசனை.

ஐந்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். கம்பியைக் கையில் எடுத்துவிட்டேன். ஜன்னலில் தட்டும் சத்தம். ஸ்லாவ்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

நாளை செவ்வாய். எங்கும் போக வேண்டியதில்லை.

கம்பியைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.