கெட்டி ஆயில்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேலே மூடியிருக்கிறது. சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நம் ஜெட் படகுக்கு எந்த இன்ஜின் ஆயில் என்று ஒரு வாரமாகச் சண்டை. படகோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற இளக்கமான ஆயில்தான் என்றேன். "வெயிலுக்குக் கெட்டியா இருந்தாத்தான் தாங்கும், உனக்கென்ன தெரியும்?" என்று நீங்களே வாங்கி ஊற்றினீர்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

இன்று மெக்கானிக் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துச் சிரித்தார். "படகை விக்கப் போறீங்களாக்கா? தேய்ஞ்ச இன்ஜின் உள்ளே தட்டுற சத்தம் வெளியே தெரியாம இருக்கத்தான் இவ்வளவு கெட்டியா ஊத்துவாங்க."

தினமும் ஓட்டுகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை.

இன்று நாலு மணிக்கு வருவார் என்று நீங்கள் சொன்ன 'பழைய சிநேகிதர்' யாரென்று இப்போது புரிகிறது. அவருக்கு டீ போட்டுக் கொடுங்கள். படகுச் சாவி ஆணியில் தொங்குகிறது. கெட்டி ஆயிலை இறக்கிவிட்டு, புத்தகத்தில் சொன்னதை ஊற்றிவிட்டேன். தாராளமாக ஓட்டிக் காட்டுங்கள். அவர் காதாரக் கேட்கட்டும்.

நான் அக்கா வீட்டில் இருப்பேன்.

பி.கு.: இறக்கிய ஆயில் வாசல் பக்கம் டப்பாவில் இருக்கிறது. நம் கதவுக் கீலுக்குக் கொஞ்சம் விடுங்கள். விலை பேசப் போனை எடுத்துக்கொண்டு நீங்கள் வெளியே நழுவுகிற சத்தம், இனி எனக்குக் கேட்க வேண்டாம்.