டூலி தட்டாத கதவு

டோனல்,

உன் கால்பந்து தெய்வம் ரெட்மண்ட் டூலியின் சுயசரிதையைப் படித்து முடித்துவிட்டேன். "படிச்சுப் பாரு நோரீன், மனசுல பட்டதப் பேசற நேர்மையான மனுஷன்" என்றாயே! முந்நூறு பக்கத்தில் பத்தொன்பது நடுவர்கள் முட்டாள்கள், நான்கு பயிற்சியாளர்கள் துரோகிகள். டூலி செய்த ஒரே தவறு, இறுக்கமான பூட்ஸ் வாங்கியது.

ஓரிடத்தில் மட்டும் மனம் இளகியது. தான் பிடித்துத் தள்ளிய நடுவரிடம் மன்னிப்புக் கேட்க, டப்ளினிலிருந்து கார்க் நகரம் வரை மழையில் கார் ஓட்டிப் போயிருக்கிறான். வாசல்வரை போய், கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டான். அதையும் வீரம்போல எழுதியிருக்கிறான்.

இன்று நான்கு மணிக்கு உன் அண்ணன் கிறிஸ்டி வருகிறார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நடுவராக இருந்த அவர் உனக்குச் சிவப்பு அட்டை காட்டியதும், "குருட்டுக் கோழி!" என்று ஊர் முன்னால் கத்தியது நீ. தேடி வருவது அவர். ஆட்டுக்கறிக் குழம்பு அடுப்பில் இருக்கிறது, இருவருக்கும் போதும்.

நோரீன்

பி.கு.: "அவன் கதவத் திறப்பானா நோரீன்?" என்று உன் அண்ணன் போனில் கேட்டார். பாவமாக இருந்தது. "நான் பாத்துக்கறேன், நீங்க வாங்க" என்றேன்.

வாசல் கதவைத் திறந்து, டூலியின் புத்தகத்தை அதற்கு முட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறேன். எடுக்காதே. அவன் ஒரு கதவையாவது திறந்து வைக்கட்டும்.